இரட்டை வெபர் கார்புரேட்டர் டியூனிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவையில் என் வீட்டுக் கொட்டகைக்கு வந்தால், ஏதாவதொரு பழைய கார் பானட்டைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஓட்டுபவர்கள் வேறு, கார்கள் வேறு. கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கீழே உள்ள எண்கள் 1600 சிசி அளவிலான நான்கு சிலிண்டர் இன்ஜினில், சற்றே வேகமான கேம்ஷாஃப்டுடன் இரண்டு 40 டிசிஓஇ வெபர் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) பொருத்தியிருப்பவர்களுக்கானவை. இன்ஜின் பெரிதானாலும் சிறிதானாலும் எண் மாறும், முறை மாறாது.

மெக்கானிக் வழக்கையே பயன்படுத்துகிறேன். கலவையில் பெட்ரோல் மிகுந்தால் ரிச், காற்று மிகுந்தால் லீன்.

40 டிசிஓஇ என்றால் என்ன? எண் பெரிதாக இருந்தால் பவரும் பெரிதா?

40 என்பது த்ராட்டில் தகடு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) இருக்கும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். டிசிஓஇ என்பது இத்தாலியில் போலோன்யா நகரத்து வெபர் நிறுவனம் வைத்த வகைப்பெயர்: ஒரே உடலில் இரண்டு துளை, இரண்டும் படுக்கைவாட்டில். அப்படி இரண்டை வைத்தால் சிலிண்டருக்கு ஒரு துளை கிடைக்கும். இதன் அழகும் தலைவலியும் அதுதான். ஒரு சிலிண்டரின் குறையைப் பக்கத்துச் சிலிண்டர் மறைக்காது.

பவரைத் தீர்மானிப்பது 40 அல்ல, அதற்குள் செருகியிருக்கும் குறுகிய கழுத்தான வெஞ்சுரி. அதைத்தான் வெபர்காரர்கள் 'சோக்' என்கிறார்கள். குளிர்காலத்தில் இழுக்கும் சோக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தால் தவறான உதிரிப்பாகம் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

கார் திணறுகிறது. எந்த ஜெட் வாங்க வேண்டும்?

ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு. எதையும் வாங்க வேண்டாம். முதலில் கார்புரேட்டரிலிருந்து கையை எடுங்கள். டேப்பட் இடைவெளி, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன், பிளக், பிளக் வயர், பாயின்ட், கண்டென்சர், டைமிங் என்று வரிசையாகப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால், உலகத்து ஜெட் அனைத்தையும் மாற்றினாலும் கார் எழாது. ஒரு நண்பர் மூன்று ஜோடி மெயின் ஜெட் வாங்கிச் சலித்த பிறகு என்னிடம் வந்தார். குற்றவாளி, கட்டைவிரல் அளவுள்ள கண்டென்சர்.

அடுத்தது காற்றுக் கசிவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்) கேஸ்கெட்டைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரை மிகச் சிறிதாகத் தெளியுங்கள். ஓசை மாறினால் அங்கே கசிவு. சைலன்சர் பக்கம் தெளிக்காதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இது அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. லீனாக ஓடும் வெபர் வாய்வழியே நெருப்பைத் துப்பும்.

கார்புரேட்டரை இறுக்கும் நட்டுகளையும் பாருங்கள். அவற்றின் கீழே ரப்பரோ சுருள் வாஷரோ இருக்கும். கார்புரேட்டர் சற்றே அசைய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பலத்தைக் காட்டி முழுக்க இறுக்கினால் இன்ஜின் அதிர்வு, பெட்ரோல் சேர்ந்து நிற்கும் மிதவைக் கிண்ணத்துக்குப் போய், பெட்ரோல் நுரைக்கும்.

மின்சாரப் பம்ப் போட்டிருக்கிறேன், 5 பிஎஸ்ஐ வருகிறது. அழுத்தம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை. வெபரின் ஊசி வால்வு 2.5 முதல் 3.5 பிஎஸ்ஐ வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் பெட்ரோல் வால்வைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கிண்ணத்தை வழிய வைக்கும். ரெகுலேட்டரும் ஒரு மானியும் போட்டு 3-இல் நிறுத்துங்கள்.

மிதவை மட்டத்தை அளந்தே தீர வேண்டுமா? புதுக் கார்புரேட்டர் ஆயிற்றே.

அளந்தே தீர வேண்டும், புதிதானாலும். மெயின் சுற்று எப்போது பெட்ரோல் கொடுக்கத் தொடங்குகிறது என்பதே அந்த மட்டத்தைப் பொறுத்தது. மூடியைக் கழற்றிச் செங்குத்தாகப் பிடியுங்கள். மிதவையின் நாக்கு ஊசி வால்வின் சிறு உருண்டையைத் தொட வேண்டும், அதை அழுத்தக் கூடாது. அந்த நிலையில் கேஸ்கெட்டிலிருந்து மிதவை வரையுள்ள தூரத்தை அளக்க வேண்டும். பழைய பித்தளை மிதவைக்குப் பொதுவாக 8.5 மில்லிமீட்டர், பிந்தைய 151 வகையின் பிளாஸ்டிக் மிதவைக்கு 12. உங்கள் கார்புரேட்டர் எந்த வகை என்பது மூடியிலோ உடலிலோ பொறித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அளவுகோலை எடுங்கள்.

36 சோக் போட்டால் 33-ஐ விட வேகமாகப் போகுமா?

இன்ஜின் நிமிடத்துக்கு 7000 சுற்றுக்கு மேல் போகும் பந்தயக் காரென்றால் போகும். சாலையில் போகாது. வெஞ்சுரி வழியே காற்று பாயும் வேகம்தான் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துத் தூளாக்குகிறது. வாய் அகன்றால் அந்த வேகம் குறைந்து, 3000 சுற்றில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழும். சாலையிலும் எப்போதாவது டிராக்கிலும் ஓடும் 1600 சிசி இன்ஜினுக்கு 32 அல்லது 33 போதும். செட்டிபாளையம் டிராக்கில் பெரிய சோக் போட்ட கார்கள் வளைவை விட்டு வெளியே வரும்போது மூச்சு வாங்குவதை நின்று கேட்டிருக்கிறேன். நேர்கோட்டில் பிடித்ததை அங்கே விட்டுவிடுகிறார்கள்.

மெயின் ஜெட் எந்த எண்ணில் தொடங்குவது?

சோக்கை நான்கால் பெருக்குங்கள். 33 என்றால் 132. கடையில் கிடைப்பது 130 அல்லது 135. மெயின் பெட்ரோலோடு கலக்கும் காற்றை அளக்கும் ஏர் கரெக்டருக்கு மெயின் ஜெட்டோடு 50 கூட்டுங்கள்: 180 அல்லது 185. அந்தக் காற்றைப் பெட்ரோலில் கலக்கும் எமல்ஷன் குழாய் எஃப்11 அல்லது எஃப்16. இது தொடக்கம் மட்டுமே, முடிவல்ல.

மாற்றுவது எளிது. கார்புரேட்டரின் தலையிலுள்ள வட்ட மூடியின் சிறகு நட்டைக் கையால் திருகி எடுத்தால் நான்கு பித்தளைத் தலைகள் தெரியும்: இரண்டு மெயின், இரண்டு ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலை). மெயினை வெளியே எடுத்தால் மேலே ஏர் கரெக்டர், நடுவே எமல்ஷன் குழாய், அடியில் ஜெட் என்று ஒரே கோலாக வரும். ஓ-ரிங்கும் வாஷரும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை விழுந்த வாஷரைத் தேடி மேனிஃபோல்டு முழுவதையும் கழற்றியிருக்கிறேன். அதற்குப் பிறகு காற்று நுழையும் கொம்புக் குழாயான ட்ரம்பெட் வாயில் துணி அடைக்காமல் அந்த மூடியைத் தொடுவதில்லை.

ஜெட்டை மெல்லிய டிரில் பிட் கொண்டு பெரிதாக்கலாமா?

கூடாது. ஜெட்டின் எண் அதன் துளையைக் குறிக்கிறது. 130 என்றால் 1.30 மில்லிமீட்டர். துளையின் வாய்ச்சரிவும் வழவழப்பும்கூடப் பாய்ச்சலைத் தீர்மானிக்கின்றன. கையால் துளைத்த நான்கு ஜெட்டுகள் நான்கு விதமாகப் பாயும். கம்பி விட்டுச் சுத்தம் செய்வதும் இதே குற்றம்தான். காற்று அடித்தால் போதும்.

இரண்டு கார்புரேட்டரையும் சமன் செய்வது எப்படி? கருவி கட்டாயமா?

கருவி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ட்ரம்பெட் வாயில் வைத்துக் காற்றின் அளவைப் பார்க்கும் சின்க்ரோமீட்டர் அது. இல்லாவிட்டால் ஒரு முழம் ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறு முனை ட்ரம்பெட் வாயில் எப்போதும் ஒரே இடத்தில். 'ஸ்ஸ்' என்ற சீறலின் சுருதியைக் கேளுங்கள். முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஐந்து நிமிடம் பொறுத்தால் மூன்றாவது துளை மட்டும் அரைச் சுருதி இறங்கி ஒலிப்பது பிடிபடும். வீணை மீட்டத் தெரிந்த ஒருவர் இதை என்னைவிடச் சுத்தமாகச் செய்தார்.

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு செய்யுங்கள். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் லிங்கேஜைத் தளர்த்தி, ஒவ்வொன்றின் ஐடில் வேகத் திருகையும் தனித்தனியே சமன் செய்த பிறகு இணையுங்கள். பிந்தைய வகைகளில் ஒவ்வொரு துளைக்கும் பூட்டு நட்டுடன் ஒரு காற்றுத் திருகு உண்டு. தொடங்கும் முன் நான்கையும் மூடிவிடுங்கள். பிறகு ஒரே கார்புரேட்டரின் இரண்டு துளைகளில் எது குறைவாக இழுக்கிறதோ அதில் மட்டும் திறங்கள். இணைத்த பின் 2500 சுற்றில் ஒருமுறை சோதியுங்கள். ஐடிலில் சமமாக இருந்து அங்கே விலகினால் லிங்கேஜில் தளர்ச்சி இருக்கிறது.

கலவைத் திருகை எத்தனை சுற்று திறக்க வேண்டும்?

ஐடிலில் ஒவ்வொரு துளைக்கும் கலவையின் அளவை வைக்கும் திருகு இது. பழைய வகைக்கு முக்கால் முதல் ஒரு சுற்று. நுண்மரை கொண்ட பிந்தைய வகைக்கு இரண்டு முதல் இரண்டரை. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டராகப் போங்கள். இன்ஜின் தடுமாறும் வரை உள்ளே திருகி, பிறகு மெல்ல வெளியே எடுங்கள். வேகம் உயர்ந்து ஒரு நிலையில் நின்றுவிடும். அதுவே இடம். நான்கையும் முடித்தபின் மறுபடி முதல் சிலிண்டருக்கு வாருங்கள். ஒன்றை மாற்றினால் மற்றவை சற்று நகரும்.

நான்கு திருகும் நான் சொன்ன அளவை ஏகமாகத் தாண்டித்தான் நன்றாக ஓடுகிறது என்றால் உங்கள் ஐடில் ஜெட் சிறியது. அரைச் சுற்றிலேயே போதுமென்றால் பெரியது.

ஐடில் அருமை, 5000-இல் அருமை. 2000 முதல் 3000 வரை மட்டும் குலுக்குகிறது. மெயின் ஜெட்டா?

எல்லோரும் மெயின் ஜெட் வாங்குவது இந்த இடத்தில்தான். எல்லோரும் ஏமாறுவதும் இங்கேதான். அதிகம் மிதிக்காமல் ஓட்டும்போது ஏறத்தாழ 3000 சுற்று வரை மெயின் ஜெட் தூங்கிக்கொண்டிருக்கிறது. அவிநாசி சாலையில் நீங்கள் ஓட்டுவது முழுக்க ஐடில் ஜெட்டில். பெயர் 'ஐடில்' என்பதால் நின்றிருக்கும்போது மட்டும் வேலை செய்யும் என்று நினைத்துவிடுகிறோம்.

இதன் வழி இப்படி: த்ராட்டில் தகட்டின் விளிம்பையொட்டி, துளைச் சுவரில் வரிசையாகச் சில நுண்துளைகள் உண்டு. தகடு திறக்கத் திறக்க ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, ஐடில் ஜெட்டிலிருந்து கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும். மேலேயுள்ள சிறு பித்தளைத் திருகைக் கழற்றி டார்ச் அடித்தால் அவை தெரியும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது தகட்டின் விளிம்பு முதல் துளையைச் சரியாக மூடியிருக்க வேண்டும். ஐடில் வேகத்தைக் கூட்டுவதற்காக வேகத் திருகை நிறையத் திருகியிருந்தால் முதல் துளை ஏற்கெனவே திறந்திருக்கும். நின்றால் புகை, மிதித்தால் பள்ளம், அதாவது இழுவை சட்டென்று விழும். தகட்டை மூடிவிட்டு, தேவைப்படும் காற்றை முன்பு சொன்ன காற்றுத் திருகு வழியே நான்கு துளையிலும் சம அளவில் கொடுங்கள்.

தகடு சரியாக இருந்தும் பள்ளம் இருந்தால், கார்புரேட்டர் துப்புகிறதா என்று பாருங்கள். துப்பினால் லீன், கனத்து முனகிக் கறுப்பாகப் புகைத்தால் ரிச். ஐடில் ஜெட்டில் இரண்டு குறி உண்டு. 45எஃப்8 என்றால் 45 பெட்ரோல் துளை, எஃப்8 காற்றுத் துளை. 45-இலிருந்து 50-க்குத் தாவும் முன் 45எஃப்9 போட்டுப் பாருங்கள், சற்றே ரிச். ஆனால் எஃப் எண் பெரிதானால் ரிச் என்று விதி செய்துகொள்ளாதீர்கள். எஃப்6, எஃப்9-ஐ விட ரிச். எஃப்11 இவ்விரண்டையும்விட லீன். வரிசையில் எண் கொடுக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

சட்டென்று மிதித்தால் ஒரு நொடி செத்துப்போய் எழுகிறது. மெல்ல மிதித்தால் ஒன்றுமில்லை.

மெல்ல மிதிக்கும்போது ஒன்றுமில்லை என்பதால் ஐடில் ஜெட்டை விட்டுவிடலாம். இது, சட்டென்று மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் ஜெட்டின் வேலை. இன்ஜினை நிறுத்தி, ட்ரம்பெட் வழியே பார்த்தபடி ஆக்சிலரேட்டரைத் தள்ளுங்கள். நான்கு துளையிலும் நேரான, ஒரே அளவுள்ள பெட்ரோல் தாரை வர வேண்டும். ஒன்று கோணினால் அடைப்பு. நான்கும் நன்றாக வந்தும் பள்ளம் இருந்தால், 35 இருக்கும் இடத்தில் 40 போடுங்கள்.

ஆக்சிஜன் மீட்டர் போட்டிருக்கிறேன். எவ்வளவு காட்ட வேண்டும்?

முழு மிதியில் லாம்டா (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் ரிச்) 0.86 முதல் 0.90, சீரான வேகத்தில் 0.95-லிருந்து 1.00, ஐடிலில் 0.90 பக்கம். ஓட்டும்போது மீட்டரைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். எந்தச் சுற்று, எவ்வளவு மிதி, என்ன காட்டியது என்று மூன்று கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே. மெயின் ஜெட்டையும் ஏர் கரெக்டரையும் ஒரே மதியத்தில் மாற்றிவிட்டு எது உதவியது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஐடிலில் மீட்டர் லீன் என்கிறது, சைலன்சரிலோ பெட்ரோல் நெடி கண்ணை எரிக்கிறது. எதை நம்புவது?

மூக்கை. மீட்டர் அளப்பது பெட்ரோலை அல்ல, மிஞ்சிய ஆக்சிஜனை. கூர்மையான கேம்ஷாஃப்டில் இரண்டு வால்வும் நெடுநேரம் சேர்ந்து திறந்திருப்பதால், ஐடிலில் சில வெடிப்புகள் தவறிப்போகும். எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் ஒன்றாக வெளியே வரும். மீட்டர் காற்றை மட்டும் கண்டு 'லீன்' என்று சத்தியம் செய்யும். நீங்கள் அதை நம்பித் திருகைத் திறந்தால் இன்னும் மோசமாகும். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும் இதே பொய்தான். ஐடிலைக் காதால், கலவைத் திருகு பற்றிச் சொன்ன முறையில் வையுங்கள். மீட்டரை 2000-க்கு மேல் நம்புங்கள்.

இ20 பெட்ரோலுக்கு ஜெட் மாற்ற வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் 13.5 கிலோ போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே கொடுக்கும். ஆகவே கலவை சுமார் 8 சதவீதம் லீன். ஜெட்டின் பாய்ச்சல் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 130-ஐ 135 ஆக்கினால் பரப்பு கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடுகிறது. ஆக, மெயினில் ஒரு படி. ஏற்கெனவே 10 சதவீதக் கலப்பில் சரிசெய்த காராக இருந்தால் அதில் பாதிதான் தேவை. மாற்றும் முன் ஓட்டிப் பாருங்கள்.

ஐடில் ஜெட்டில் இந்தக் கணக்கு உதவாது. 45-இலிருந்து 50-க்குப் போனால் பரப்பு 23 சதவீதம் கூடிவிடும். அங்கே கலவைத் திருகும் எஃப் எண்ணும்தான் வழி. மீட்டரை லாம்டாவில் வைத்திருந்தால் எந்தக் கலப்பானாலும் 0.88 என்பது 0.88தான். 14.7 அளவுகோலில் பார்ப்பவர்கள்தான் குழம்புகிறார்கள்.

பழைய ரப்பர் குழாய்களை எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். ஈரம் உறிஞ்சிய பெட்ரோல் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியாகப் பூத்துக்கொள்ளும். அது போய் அடைப்பது ஐடில் ஜெட்டை.

ஊட்டிக்குப் போனால் கார் கனத்துப்போகிறது. மேலே போய் மறுபடி டியூன் செய்ய வேண்டுமா?

ஊட்டி 2,240 மீட்டர். கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. கலவை பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ரிச் ஆகும். கோவையே 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எங்களுக்கு வித்தியாசம் கொஞ்சம் குறைவு. இரண்டு நாள் பயணத்துக்கு ஜெட்டைத் தொடாதீர்கள். ஐடில் தடுமாறினால் நான்கு கலவைத் திருகையும் எட்டில் ஒரு சுற்று உள்ளே வையுங்கள். இறங்கும்போது மறக்காமல் திருப்பி எடுங்கள். மிகுந்த ரிச்சைத் திருத்தலாம், குறைந்த காற்றைத் திருத்த முடியாது. பவர் இழப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பிட நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. காலையில் ஒரே திருகில் ஆகிறது.

இன்ஜினை நிறுத்தியதும் அதன் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்துவிடும். ஆக்சிலரேட்டரைக் குத்திக் குத்தி மிதிக்காதீர்கள். ஒவ்வொரு குத்தும் பம்ப் ஜெட் வழியே இன்னும் பெட்ரோல் ஊற்றும். மெல்ல முழுதும் மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிடித்ததும் காலை எடுங்கள். நிரந்தரத் தீர்வு, சைலன்சர் குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு வெப்பத் தகடு. காலையில் மட்டும் இரண்டு மூன்று குத்து மிதிக்கலாம்.

மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்?

அதைக் கேட்பவர் ஒற்றைக் கார்புரேட்டரிலேயே இருந்துவிடலாம்.

எல்லாம் செய்தாகிவிட்டது. மூன்றாவது பிளக் மட்டும் கரி பிடிக்கிறது.

மூன்றாவது சிலிண்டரின் ஐடில் ஜெட்டையும் நான்காவதன் ஐடில் ஜெட்டையும் இடம் மாற்றி இரண்டு நாள் ஓட்டுங்கள். கரி நான்குக்குப் போனால் ஜெட் குற்றவாளி. மூன்றிலேயே இருந்தால் பிளக்கையும் வயரையும் அதே போல இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்தத் துளையின் கலவைத் திருகைக் கழற்றி முனையைப் பாருங்கள். யாரோ எப்போதோ பலமாக உள்ளே திருகி, கூர்முனையில் வளையம் போல ஒரு தழும்பு விழுந்திருக்கும். அப்படியொரு திருகை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வருபவர்களிடம் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நகத்துக்குத் தெரியும்.